முட்டுச்சந்தும் சீனத் தபால்காரரும்

"இதுல சாதி எங்க மேடம் இருக்கு? இது வெறும் கணக்கு."

ஒரு நகரத்தின் குப்பை லாரிகளுக்குப் புது வழித்தடம் போட்டுக் காட்டிய கூட்டத்தில் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டது இது. நகரத்தின் பெயர் இங்கே வேண்டாம். எந்த ஊராக இருந்தாலும் படம் ஏறக்குறைய இதுதான். சுவரில் பெரிய வரைபடம். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று கோடுகள். ஒவ்வொரு நிறமும் ஒரு லாரி. பழைய வழியில் இத்தனை கிலோமீட்டர், புது வழியில் இத்தனைதான், டீசல் இவ்வளவு மிச்சம் என்று அழகாக விளக்கினார். பணிவான பையன். அவர் மனசில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. துப்புரவு வேலை செய்கிறவர்கள் சார்பில் பேசக் கூப்பிட்டிருந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. கோடுகளுக்கு நடுவே எந்த நிறமும் இல்லாமல் வெள்ளையாகக் கிடந்த ஒரு சின்ன இடத்தைக் காட்டி, இந்தத் தெருவுக்கு ஏன் கோடு இல்லை என்று கேட்டேன்.

"அது முட்டுச்சந்து மேடம். உள்ள போன வண்டி அதே வழியாத் திரும்பி வரணும். கணக்குக்குக் கட்டுப்படியாகாது. மெயின் ரோட்டுல தொட்டி வச்சிடறோம், ஜனங்க கொண்டுவந்து போட்டுக்கலாம்."

அது சேரி என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. அது நான் பிறந்து வளர்ந்த சேரி என்பதை அங்கே சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்தது, பதில் வரவில்லை. எம்.ஏ. தமிழ் படித்தவள் நான். பத்தாம் வகுப்போடு கணக்கைத் தலைமுழுகியாயிற்று. சாதி இருக்கிறது என்று தெரிகிறது, விரல் வைத்துக் காட்டத் தெரியவில்லை. நம் இயக்கங்களில் பலருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. சாதி பேர் சொல்லித் திட்டினால், அடித்தால், டீக்கடையில் தனி டம்ளர் வைத்தால் என்ன செய்வது என்று நமக்குத் தெரியும். முழக்கம் தயாராக இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. ஒரு கோடு நம் தெருவைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனால் யாரைப் பிடித்துக் கேட்பது? கோட்டுக்கு வாயுமில்லை, சாதியுமில்லை. அன்றைக்கு வாயடைத்துப் போனதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கல்லூரியில் கணக்கு சொல்லித்தரும் தோழி ஒருத்தியிடம் போய் உட்கார்ந்தேன். அவள் முதலில் ஒரு தாளில் வீடு வரையச் சொன்னாள். சின்ன வயசில் விளையாடியிருப்பீர்கள்: பென்சிலை எடுக்கக் கூடாது, போட்ட கோட்டின் மேலேயே திரும்பப் போகக் கூடாது, படம் முடிய வேண்டும். சில படம் வரும். சில படம் எத்தனை தரம் முயன்றாலும் வராது. ஏன் வராது என்பதை ஆய்லர் என்பவர் 1736-இல் கோனிக்ஸ்பர்க் நகரத்து ஏழு பாலங்களை வைத்து விளக்கினார். ஒரு சந்திப்புக்குள் வர ஒரு வழி என்றால் வெளியே போக இன்னொரு வழி வேண்டும். ஆகவே புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டுமானால் ஒவ்வொரு சந்திப்பிலும் சேரும் தெருக்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். ஒற்றைப்படையானால் போன தெருவிலேயே மறுபடி போகாமல் தீராது. 1960-இல் குவான் மெய்-கோ என்ற சீனக் கணித அறிஞர் இதைத் தபால்காரருக்குப் பொருத்தினார். தபால் நிலையத்தில் கிளம்பி, தன் எல்லையில் உள்ள தெருக்களையெல்லாம் நடந்து, கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும். நடந்த தெருவிலேயே திரும்ப நடக்கும் தூரத்தை எவ்வளவு குறைக்கலாம்? இதற்கு உலகம் முழுக்கச் சீனத் தபால்காரர் கணக்கு என்றே பெயர். தெருத் தெருவாகப் போகிற எந்த வேலைக்கும் இது பொருந்தும். நியூயார்க் நகரத்துக் குப்பை லாரிகளை வைத்து பெல்ட்ராமி, போடின் என்ற இரண்டு பேர் 1974-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் முன்னோடியாம். குப்பை லாரிக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. அது பாதி வழியில் நிறைந்துவிடும். கிடங்குக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். குப்பை ஏற்றாமல் ஓடுகிற இந்தத் தூரங்களை வெறும் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கின் வேலை வெறும் ஓட்டத்தைக் குறைப்பதுதான்.

முட்டுச்சந்தில் போகவும் ஒரே வழி, வரவும் ஒரே வழி. திரும்பி வருகிற தூரம் பூராவும் வெறும் ஓட்டம். எந்தக் கெட்டிக்காரன் போட்டாலும் அதைக் குறைக்க முடியாது.

இதுவரைக்கும் கேட்டபோது அந்தப் பையன் சொன்னது சரிதானோ என்றுகூடத் தோன்றிவிட்டது. தோழி பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா ஒண்ணு பாருடி. அந்தக் கணக்குல எல்லாத் தெருவுக்கும் போயே ஆகணும். அதுதான் நிபந்தனை. ஒரு தெருவை விட்டுட்டுக் குறைச்சா, அது வேற கணக்கு."

நான் கணிதத்தின் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டு போனவள். அந்தச் சீனத் தபால்காரரோ ஒரு தெருவையும் விட மாட்டேன் என்கிறார். எங்கள் சந்தை அழித்தது அவரில்லை. அவர் கையில் படத்தைக் கொடுப்பதற்கு முன்னாலேயே யாரோ அழித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போது முதல் வரியில் 'கொடுக்கப்பட்டவை' என்று எழுதுவோம். அடுத்து 'கண்டுபிடிக்க வேண்டியது'. கொடுக்கப்பட்டதைக் கொடுத்தது யார் என்று எந்த வாத்தியாரும் கேட்கச் சொன்னதில்லை. கேட்டால் மார்க் கிடைக்காது.

நான் படித்த தமிழை வைத்துக் கொஞ்சம் கேட்டுப் பார்க்கிறேன். சங்கப் பாட்டில் சேரி என்றால் சேர்ந்து வாழ்கிற இடம், அவ்வளவுதான். அதில் இழிவு ஒன்றும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊர்களின் நிலத்தை அளந்து, வரி போட முடியாத இடங்களைக் கழிக்கிறார்கள். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகிற அந்தக் கழித்தல் பட்டியலில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி எல்லாம் வருகின்றன. எம்.ஏ. வகுப்பில் இதைச் சோழர் நில அளவையின் நுட்பம் என்று பெருமையாகப் படித்தோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மை அளந்து தனியாக எழுதி வைத்த நுட்பம் என்று எனக்கு உறைக்க ரொம்ப நாளாயிற்று.

அப்படித் தனியாக எழுதப்பட்ட இடத்துக்கு ஊருக்குள்ளிருந்து ஊடுவழி இருக்காது. ஊர்த்தெரு வழியாக நாம் நடக்கக் கூடாது என்றால் நம் தெரு வேறு எப்படி முடியும்? முட்டிக்கொண்டுதான் முடியும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 சாதிக் கலவரத்துக்குப் பிறகு எழுப்பிய சுவரை நினைத்துப் பாருங்கள். அதனால் தலித் மக்கள் பொதுப் பாதைக்கு வருவதற்குச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். போராட்டங்களுக்குப் பிறகு 2008 மே மாதம் அதில் ஒரு பகுதியை இடித்து வழி விட்டார்கள். ஆய்லரின் தாளில் அது ஒரு கோட்டை அழித்தது, பிறகு அந்தக் கோட்டைத் திரும்பப் போட்டது. நடந்தவர்களுக்கு நடுவில் போனது ஏறக்குறைய 19 வருஷம். எங்கள் சந்துகூட நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது முட்டுச்சந்து கிடையாது. அந்தக் கோடியில் ஒரு காலிமனை, அதன் வழியாக நடந்து அடுத்த தெருவுக்குப் போவோம். அங்கே அடுக்குமாடி வந்தது, மதில் வந்தது. இன்றைக்கு எங்கள் சந்து கணக்குக்குக் கட்டுப்படியாகாத தெரு.

ஆரம்பம் மட்டும்தான் இப்படி என்றில்லை, முடிவும் கொடுக்கப்பட்டதுதான். சென்னைக் குப்பை பல பத்தாண்டுகளாக வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்கும் போயிற்று. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இருக்கிறது. கொடுங்கையூரைச் சுற்றி இருப்பவர்கள் வடசென்னையின் உழைக்கும் சனம். அங்கே குப்பையை எரிக்கும் உலை வேண்டாம் என்று 2025-இல் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வழித்தடக் கணக்கில் கிடங்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளி ஏன் அங்கே இருக்கிறது, ஏன் ஒரு நாளும் மேல்தட்டுக் குடியிருப்புகளுக்கு நடுவே இருப்பதில்லை என்று லாரிக்கு வழி போடுகிறவர் யோசிக்க வேண்டியதில்லை.

இனி அந்தப் பையனுக்குப் பதில். எங்கள் சந்து சுமார் 150 மீட்டர். சந்து நெடுக 50 வீடு. வண்டி உள்ளே போய் வந்தால் 300 மீட்டர். போகாவிட்டால் 300 மீட்டர் மிச்சம், அதைத்தான் அவர் திரையில் காட்டினார். வண்டி வராததால் குப்பையை மெயின் ரோட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோவது யார்? வீட்டுக்கு ஒருத்தர், பெரும்பாலும் பொம்பளைங்க. முன்வீட்டுக்காரிக்கு நாலு எட்டு, கடைசி வீட்டுக்காரிக்கு 150 மீட்டர். சராசரி 75 என்று வையுங்கள். போக வர 150. அதை 50 வீட்டால் பெருக்கினால் 7,500 மீட்டர். லாரிக்கு மிச்சமான 300 மீட்டருக்காக எங்கள் சந்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து தினம் ஏழரைக் கிலோமீட்டர் நடக்கிறார்கள். இந்த ஏழரைக் கிலோமீட்டர் எந்தத் தாளிலும் இல்லை. கால்கள் டீசல் குடிப்பதில்லையே.

தூரம் எங்கும் குறையவில்லை. வண்டியிலிருந்து இறங்கி உடம்பில் ஏறிக்கொண்டது. சாதி எங்கே இருக்கிறது என்றால், 300-ஐ எழுதிவிட்டு 7,500-ஐ எழுதாமல் விட்ட அந்த இடத்தில் இருக்கிறது.

"ஐம்பது வீட்டுக்காக ஐயாயிரம் வீட்டு வரிப்பணத்தை வீணாக்கறதா?" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பெரும்பான்மைக்கு அதிக நன்மை என்பது ஒரு தத்துவம், அதைச் சொல்லித்தான் அரசுகள் நடக்கின்றன. ஆனால் எப்போதும் அதே ஐம்பது வீடு என்றால்? தொட்டி வைப்பதற்கும் இவர்களைத்தான் கழிக்கிறது, தண்ணீர்க் குழாய்க்கும் இவர்களைத்தான், பேருந்து நிறுத்தத்துக்கும் இவர்களைத்தான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கழித்தலும் நியாயமாகத்தான் தெரியும். மொத்தமாகக் கூட்டினால் அதற்குத் தீண்டாமை என்று பெயர். தனித்தனி ரசீதாக வருவதால் யாரும் கூட்டுவதில்லை.

தபாலையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 1854-இல் ஒரே தபால் கட்டணம் வந்தது. எவ்வளவு தூரமானாலும் எடைக்குத்தான் காசு. பக்கத்துத் தெருவுக்கும் மலைமேல் இருக்கிற கடைசி வீட்டுக்கும் ஒரே தலை. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர ஆகும் செலவை எல்லோருமாகச் சுமப்போம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் சிக்கனமான வழியைத் தேடினார்கள். வெள்ளைக்காரன் தன் வியாபாரத்துக்கும் நிர்வாகத்துக்கும் செய்ததுதான், இருக்கட்டும். முடிவு முதலில், கணக்கு அப்புறம் என்ற அந்த வரிசையைத்தான் நான் சொல்கிறேன். இதிலும் ஒரு வேடிக்கை. எங்கள் தாத்தா ஊரில் தபால்காரர் சேரிக்குள் வரவே மாட்டாராம். ஊர்க்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பட்டாளத்திலிருந்து சித்தப்பா அனுப்பிய கடிதம் கடைக்காரர் படித்து முடித்த பிறகுதான் ஆயாவுக்கு வரும். தலை முழு தூரத்துக்கும் ஒட்டியிருந்தது, தபால்காரரின் கால் ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டது.

சங்கத்தில் ஒரு தம்பி, "அக்கா, கணக்கு போடறவன் எல்லாம் நம்ம எதிரி. கம்ப்யூட்டர், ஜிபிஎஸ் எல்லாம் ஆளைக் குறைக்கத்தான்" என்றான். அவன் பயம் பொய்யில்லை. 2020 வாக்கில் சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் துப்புரவுப் பணியாளர் கையில் இருக்கிற இடத்தைக் காட்டும் கடிகாரத்தைக் கட்டினார்கள். லாரிக்கு வைத்த கருவி மனுஷி மணிக்கட்டுக்கு வந்தது. எங்கே நிற்கிறாள் என்று அது சொல்லும். எவ்வளவு தூக்கினாள், எதைக் கையால் அள்ளினாள், ஒன்றுக்குப் போக இடம் கிடைத்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சென்னையில் 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்களே, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்று. நடுராத்திரியில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. அரசாங்கம் 'தூய்மை' என்று பெயரை மாற்றியது, கூலியையும் நிரந்தரத்தையும் பற்றிக் கேட்டபோது வேன் வந்தது.

ஆனாலும் தம்பி சொன்னதை நான் முழுசாக ஏற்கவில்லை. காரணம் எங்க அம்மா. அம்மா ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. வழித்தடம் பற்றி அவளிடம் கேட்டேன். "லாரி நேரத்துக்கு வந்தா போதும்டி. ஏழு மணின்னா ஏழு மணிக்கு வரணும். வரலைன்னா தொட்டி நிரம்பி ரோட்டுல வழியும், நாய் இழுக்கும், சூப்பர்வைசர் என்னைத்தான் கத்துவான். மறுபடி நான்தான் வாரணும்." வாரிய குப்பையையே மறுபடி வாருகிறவளுக்கு ஒழுங்கான வழித்தடம் என்பது இடுப்பு வலி சம்பந்தப்பட்ட விஷயம். கணக்கு வேண்டாம் என்று சொல்ல நமக்கு வசதியிருக்கிறது. அவளுக்கு இல்லை.

வண்டி சம்பந்தமாக இன்னொரு கதை உண்டு. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரம், 1968 பிப்ரவரி 1. நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளிகள் குப்பை லாரியின் பின்புறத்தில், குப்பையை அழுத்தும் இடத்தில் ஒதுங்கினார்கள். வெள்ளையர் வீட்டு வாசலில் ஒதுங்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. இயந்திரம் தானாக ஓடி இரண்டு பேரையும் நசுக்கிவிட்டது. அதற்குப் பிறகு 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள், நான் ஒரு மனிதன் என்ற அட்டையோடு நடந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாகப் போன மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊரில்தான் ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். அந்த லாரி அன்று எத்தனையோ வீட்டு வாசலில் நின்றிருக்கும். வழித்தடத்தில் வாசல் இருந்தது. ஒதுங்குவதற்குத் திண்ணை இல்லை.

எதைக் குறைப்பது என்று என்னைக் கேட்டால், கைபடுவதைக் குறை என்பேன். வீட்டில் ஒரு கை, வண்டியில் ஏற்ற ஒரு கை, தொட்டியில் கொட்ட ஒரு கை, சிந்தியதை வார ஒரு கை, மாற்று நிலையத்தில் பிரிக்க ஒரு கை. ஒரே குப்பையை எத்தனை முறை மனிதக் கை தொடுகிறது என்று எண்ணி, அது குறைகிற மாதிரி வழி போடு. குப்பையைப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்று 2016 விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். ஒரு தெருவில் அது நடக்காவிட்டால் அந்தத் தெருவுக்கு வண்டி எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, யார் கை உள்ளே போகிறது என்பதையும் எழுது. சந்துக்குள் லாரி போகாதா, சின்ன பேட்டரி வண்டியை அனுப்பு. வேலைக்கு வருகிறவள் வீட்டிலிருந்து வருகிற தூரத்தையும் சேர். நகரத்துக்குள் இருந்த குடிசைகளைப் பெயர்த்து 2000 வாக்கிலிருந்து கண்ணகி நகருக்கும் அப்புறம் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்களே, அங்கிருந்து விடிகாலை வேலைக்கு வருகிறவளின் வழித்தடம் லாரி கிளம்புவதற்கு ரெண்டு மணி நேரம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு எனக்கே ஒரு நெருடல். சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாகப் பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். நல்ல வழித்தடம், சின்ன வண்டி, நேரத்துக்கு லாரி எல்லாம் வந்தாலும் அந்த வண்டியில் உட்கார்ந்து வருவது யார் பிள்ளை? பரம்பரை வேலையைக் கொஞ்சம் வசதியாக்கிக் கொடு என்று நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேனா? அம்மா இந்த வேலையை விட்டு வெளியே வர வேண்டும் என்றுதானே நான் படித்தேன்? வேலையைச் சுலபமாக்கு என்பதும் இந்த வேலையிலிருந்து எங்களை விடுவி என்பதும் ஒரே கோரிக்கை மாதிரி மேடையில் பேசிவிடுகிறோம். சுலபமானால் சனம் அதிலேயே தங்கிவிடும் என்று சில தோழர்கள் பயப்படுகிறார்கள். கஷ்டத்தில் வைத்திருந்தால் விடுதலை சீக்கிரம் வரும் என்று அதற்கு அர்த்தமா? நாளைக்குக் காலையில் இடுப்பு வலிக்கப்போவது அவர்களுக்கில்லை. எனக்குமில்லை. இதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

300, 7,500 கணக்கை ஒரு தாளில் எழுதி அந்த இளைஞருக்குத் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். "மேடம், சந்து பேரு என்ன? எங்க மேப்புல பேரே இல்ல" என்றார். சொன்னேன், எழுதிக்கொண்டார். இதுவரை வண்டி வரவில்லை.

அம்மா இப்போதும் காலையில் அஞ்சு மணிக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டுக் குப்பையை ஒரு பையில் கட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போகிறாள், கூடவே பக்கத்து வீட்டுக் கிழவியுடையதையும். வேலை செய்கிற ஏரியா வரைக்கும் சுமந்துபோய் அங்கே வருகிற லாரியில் போடுகிறாள். ஏம்மா இவ்வளவு தூரம் என்று கேட்டால், "அங்கதான் வண்டி வாசல் வரைக்கும் வருது" என்கிறாள்.